பெயிண்ட் காயற வரைக்கும்

பஸ்ஸில் ஏறுகிறவள் இரண்டாவது காலைப் படியில் வைப்பதற்குள் விசில் ஊதிவிடுவார் எங்கள் கண்டக்டர். எங்கள் கண்டக்டர் என்று உரிமையோடுதான் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுப் பின்கட்டில் பல வருஷம் குடியிருந்தவர் அவர். அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று அவருக்கும் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எதற்கு?

அது என் வீடு. விடிகிற நேரத்தில் காந்தி மார்க்கெட்டுக்குப் போய்க் காய் எடுத்து, ஸ்ரீரங்கத்துத் தெருவோரம் சாக்கு விரித்து உட்கார்ந்து விற்று, நான் கட்டின வீடு. கையெழுத்துக்கு மேல் எனக்கு அப்போது எழுத்து வராது. இப்போதும் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் தராசு பிடித்தால் என் கை ஆடாது. கேட்டுப் பாருங்கள், தெருவே சொல்லும்.

மார்க்கெட்டிலிருந்து நான் திரும்புகிற பஸ்ஸில் பாதி நாள் அவர்தான் கண்டக்டர். ஒருநாள் என் கத்தரிக்காய்க் கூடையை அவரே தூக்கிப் பின்பக்கம் ஏற்றினார். நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு படிக்கு வருவதற்குள் விசில். கூடை பஸ்ஸில் போகிறது, நான் ரோட்டில் நிற்கிறேன். அடுத்த பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்தில் இறங்கினால், டீக்கடைக்காரரிடம் கூடையைக் காவல் வைத்துவிட்டு அடுத்த ட்ரிப்புக்குப் போயிருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், ஒன்றுமே நடக்காத மாதிரி, "கூடை பத்திரமா வந்துச்சாக்கா?" என்று கேட்டார்.

"கூடைக்கு லக்கேஜ் போட்டீங்க, அது வந்துருச்சு. எனக்கும் லக்கேஜ் போட்டிருந்தா நானும் வந்திருப்பேன் தம்பி" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். கோபமே வராத மனுஷன் என்று நினைக்காதீர்கள். வரும், சட்டென்று வரும், சட்டென்று போகும். எல்லாமே அவருக்குச் சட்டென்றுதான். டீயை ஆற்றிக் குடிக்க மாட்டார், நாக்கைச் சுட்டுக்கொள்வார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுவார். கொல்லையில் என் கொய்யா மரம் இருந்தது. அவர் குடியிருந்த காலத்தில் அதில் ஒரு காய் பழமாகி நான் கண்ணால் பார்த்ததில்லை. துவர்க்கத் துவர்க்கக் கடித்துத் தின்றுவிடுவார். அதே சமயம், எதிர்வீட்டு அம்மாளுக்கு மூச்சு முட்டினபோது, நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்க, வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவரும் அவர்தான். அவசரம் நல்லதற்கும் இருந்தது.

அவர் சம்சாரம் பச்சைமலை அடிவாரத்துப் பெண். மரவள்ளிக் காட்டில் வளர்ந்தவள். நிதானமாக நடக்கும், நிதானமாகப் பேசும். ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால் அதை உள்ளே திருப்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும். என்னிடம் காய் வாங்கினால் ஒவ்வொரு வெண்டைக்காயாக எடுத்துப் பார்த்துத்தான் முறத்தில் போடும். அது ஒரு காயைப் பார்க்கிற நேரத்தில் அவர் குளித்துச் சாப்பிட்டு டியூட்டிக்குப் போயிருப்பார். ஒரே பெண் குழந்தை, செல்வி. அப்போதுதான் ஒண்ணாங்கிளாஸ் முடித்திருந்தது.

அவர் சம்சாரத்தின் தம்பி கப்பலில் வேலை பார்த்தான். எண்பதுகளின் நடுவில் ஒரு தடவை லீவுக்கு வந்தபோது செல்விக்கு ஜப்பான் பெட்டி ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். பெட்டி மேலே ஒரு எந்திர மனுஷன் படம். சிவப்பு மார்பு, நீல வயிறு, வெள்ளைக் கை கால், நெற்றியில் தங்கக் கொம்பு, கையில் கேடயம். அம்மாமண்டபத்துத் திருவிழாக் கடையில் விற்கிற பொம்மையெல்லாம் அதன் கால் தூசி பெறாது. ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே மனுஷனைக் காணோம். கம்பி கம்பியாகப் பிளாஸ்டிக், அதில் காய்த்துத் தொங்குகிற மாதிரி சின்னச் சின்னத் துண்டு. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நாமே வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்துக்கொள்ள வேண்டுமாம். எப்படி என்று ஒரு தாள் போட்டிருந்தான், முழுக்க ஜப்பான் எழுத்து. அந்தத் தாளுக்கு முன்னால் எனக்கும் கண்டக்டருக்கும் ஒரே படிப்புதான்.

செல்வி, "அப்பா, செஞ்சு குடுப்பா" என்றது. அவ்வளவுதான், உட்கார்ந்தார். கத்திரிக்கோல் எடுத்து வர உள்ளே போன சம்சாரம் திரும்புவதற்குள் துண்டுகளைக் கையாலேயே முறுக்கிப் பிய்த்துவிட்டார். பொம்மையின் சுண்டுவிரல் போயிற்று. இடது பாதம் எது, வலது எது என்று பார்க்காமல் பசையைத் தடவி ஒட்டினார். செல்வி அழ ஆரம்பித்தது. அழாதே என்று இவர் அதட்டினார். அந்தப் பெண் எல்லாத் துண்டையும் அள்ளிப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்தது. "இது உங்க கைக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னது.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் அந்தச் சம்பவம். கோடை லீவு ஆரம்பித்த சமயம். தாயும் பிள்ளையும் மலைக்கோட்டைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவர் வண்டியிலேயே ஏறினார்கள். குழந்தைக்குத் தண்ணீர் தவித்தது. அவரிடம் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் இறங்கிப் போனது. சோடாவோடு திரும்பி வந்து முன்படியில் ஒரு கால் வைத்திருக்கிறது. விசில். டிரைவர் எடுத்துவிட்டார். படியில் ஊன்றின காலை உருவிக்கொண்டு தொப்பென்று கீழே விழுந்தது, முழங்கை தேய்ந்தது. பஸ்ஸுக்குள்ளே குழந்தை அம்மா அம்மா என்று கத்த, இவரோ முன்பக்கமாக ஏறியிருப்பாள் என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே காவிரிப் பாலத்துக்கு வந்துவிட்டார்.

அடுத்த வண்டியில் வீட்டுக்கு வந்த பெண் சண்டை போடவில்லை. கை நிறைய ரத்தக் காயத்தோடு என் வீட்டு வாசலில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை.

"பத்து ஊர்ச் சனத்துக்கு விசில் ஊதுறாரு, சரி. நான் ஏறினேனா இல்லையான்னு ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்லக்கா."

குழந்தையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாளே லீவு போட்டு ஓடினார். அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மத்தியானமே இவர் என் வாசலில் வந்து நிற்கிறார். போன பஸ் திரும்புகிற நேரத்துக்குள் மாமியார் வீட்டு வாசலில் நின்றபடியே கிளம்பு, கிளம்பு என்றிருக்கிறார். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. வரணும்னு தோணினா வர்றேன், பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள சொல்றேன் என்றதாம் அந்தப் பெண். இல்லையென்றால் செல்வியை அங்கேயே சேர்த்துவிடும், அதுதான் அர்த்தம். பஸ் ஏறும்போது செல்வி மட்டும் ஓடிவந்து, பொம்மையைச் செஞ்சு வைப்பா என்று சொன்னதாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் முறத்தில் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அலமாரியிலிருந்து அந்தப் பெட்டி இறங்கிற்று.

ஒட்டுகிற வேலையைக் கத்தியும் சின்ன ரம்பமும் வைத்துக்கொண்டு ஒரு வழியாகப் பழகிக்கொண்டார். தப்பாக ஒட்டின பாதத்தைப் பிளேடால் நெம்பி எடுத்தார். சுண்டுவிரல் இல்லாமல் போனது போனதுதான். பெயிண்ட்தான் அவரை அழவைத்தது. காந்தி மார்க்கெட் பக்கத்துப் பெயிண்ட் கடையில் எனாமல் டப்பா வாங்கி, கதவுக்கு அடிக்கிற பிரஷ்ஷால் ஒரே இழுப்பாக இழுத்தார். மார்பில் அழகழகாகக் கோடு வெட்டியிருந்தது, அதெல்லாம் மூடிக்கொண்டது. பாயசத்தில் விழுந்த பொம்மை மாதிரி இருந்தது. அதுவும் காய்ந்ததா பார்ப்போம் என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை விரலை வைப்பார். விரல் வைத்த இடத்திலெல்லாம் ரேகை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார், மறுபடி அடிப்பார், மறுபடி விரல் வைப்பார்.

காய மாட்டேங்குதே என்று ஒருநாள் துண்டுகளைத் தட்டில் பரப்பி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். அங்கே நான் கூழ்வடாம் பிழிந்து காயப்போட்டிருந்தேன். அதற்குப் பக்கத்தில் பொம்மையின் கையும் காலும் கேடயமும். திருச்சி வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரை மாசம், மாடித் தரையில் கால் வைக்க முடியாது. மத்தியானம் வடாம் திருப்பிப் போடப் போனேன். என் வடாம் கலகலவென்று காய்ந்திருந்தது. அவர் கேடயம் அப்பளம் பொரிந்த மாதிரி சுருண்டிருந்தது.

தட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வடாத்துக்கு வெயில், முருங்கைக்கீரைக்கு நிழல் தம்பி, கீரையை வெயிலில் காயப்போட்டால் பச்சை போய்விடும் என்றேன். அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

"வேகமாக் காயணும்னு நினைச்சேங்க்கா" என்றார். அப்புறம் கேடயத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் இப்படித்தான் பண்ணியிருக்கேன்" என்றார்.

கேடயத்தை வெந்நீரில் போட்டு, அம்மிக்கல்லுக்கு அடியில் வைத்து நிமிர்த்தப் பார்த்தார். பாதி நிமிர்ந்தது. மீதி கோணல் அப்படியே இருந்தது. சண்டையில் அடி வாங்கின கேடயம் என்று செல்வியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் போர்டு எழுதுகிறவர் ஒருவரிடம் போய் யோசனை கேட்டுவந்தார். பெயிண்ட்டை டர்பன்டைனில் நீர்க்கக் கலக்கணும், மெல்லிசாக ஒரு பூச்சு, அது முழுக்கக் காய்ந்தபிறகு இன்னொரு பூச்சு. நடுவில் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கக்கூடாது. இந்தக் கடைசிப் புத்திமதிதான் அவருக்கு மலையேறுகிற மாதிரி. என்னிடமிருந்து வாழைத்தண்டுத் துண்டு ஒன்று வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு துண்டையும் ஈர்க்குச்சி முனையில் செருகி, குச்சியைத் தண்டில் குத்தி நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பார். கை தானாக நீளும். இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். பூஜை பண்ணுகிறாரோ என்று யாராவது நினைத்தால் தப்பில்லை. அப்போதுதான் அந்த வார்த்தை அவர் வாயில் ஏறிற்று. சாப்பிட்டீங்களா தம்பி என்றால்கூட, "காயட்டும்க்கா" என்பார்.

தெருவில் கேலிக்குப் பஞ்சமில்லை. பூக்காரி நேராகவே கேட்டாள்: "என்ன கண்டக்டரே, பொண்டாட்டி வரலைன்னு பொம்மைக்குப் பவுடர் பூசுறீங்களாமே."

"ஆமாம்மா. இதாவது சொன்னா நிக்கும்னு பார்த்தேன். இதுவும் நிக்க மாட்டேங்குது, பாதம் இன்னும் காயலை" என்றார்.

வெள்ளை முடிந்தது, நீலம் முடிந்தது. படத்தில் பொம்மை மேல் எல்லாக் கோட்டிலும் மெல்லிசாகக் கறுப்பு ஓடியிருந்தது. அந்தக் கறுப்பு இருந்தால்தான் அது இரும்பு, இல்லையென்றால் வெறும் பிளாஸ்டிக். பிரஷ்ஷால் போட்டார், இழுகிற்று. இங்க் ஊற்றினார், ஓடிப்போயிற்று. ஒருநாள் நான் பின்கட்டுக்குப் போனபோது அலமாரியிலிருந்த சம்சாரத்தின் கண்மை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் விளக்கெண்ணெயில் தானே பிடித்த மை. ஈர்க்குச்சி முனையில் தொட்டு, கோட்டில் அழுத்தி, பழந்துணியால் மேலே ஒரு துடை. பள்ளத்தில் மை நின்றது, மேட்டில் போயிற்று. பொம்மை கையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோடெல்லாம் கண் திறந்த மாதிரி இருந்தது. நன்றாக இருக்கு என்று நான் சொல்லவில்லை. இன்னொரு கை எங்கே என்று மட்டும் கேட்டேன்.

இதற்குள் பஸ்ஸிலும் ஒன்று நடந்திருந்தது. காந்தி மார்க்கெட் ஸ்டாப்பில் நான் கூடையோடு நிற்கிறேன். கூடையை ஏற்றினார். நான் ஏறினேன். உட்கார்ந்தேன். விசிலைக் காணோம். எட்டிப் பார்த்தால் முன்படி, பின்படி இரண்டுக்கும் குனிந்து குனிந்து பார்க்கிறார். டிரைவர் ஹாரன் அடித்து, என்னய்யா தூங்கிட்டியா என்றார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கிழவர் வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு ஏறி, கம்பியைப் பிடித்தபிறகுதான் ஊதினார். பஸ்ஸில் முணுமுணுத்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுபடி ஊருக்குப் போய்க் கூப்பிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று நானாவது பயந்தேன். அவர் போகவில்லை. இந்தத் தடவை கை வைக்க மாட்டேன்க்கா என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் செல்வியோடு வந்தது. கையில் காலிப் பை ஒன்று. செல்வியின் பள்ளிக்கூடத்து உடுப்பையும் சிலேட்டையும் எடுத்துப்போக வந்தேன், நாலு மணி பஸ்ஸுக்குத் திரும்பணும் என்றது என்னிடம். அவருக்கு அன்று ஓய்வு. பின்கட்டு ஜன்னலோரம் நிழலில் பொம்மை நின்றது. எல்லாம் முடிந்து, மார்பில் மட்டும் கடைசிச் சிவப்பைக் காலையில்தான் அடித்து வைத்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். வா என்றார், தண்ணீர் மொண்டு கொடுத்தார். கிளம்பு என்றோ இரு என்றோ சொல்லவில்லை.

செல்வி ஜன்னலைப் பார்த்துவிட்டது. அம்மா, இங்க பாரேன், படத்துல இருக்கிற மாதிரியே என்றது. தாய் போய்ப் பார்த்தது. அதுவும் மனுஷிதானே, கையில் எடுத்துவிட்டது. கட்டைவிரல் நேராக மார்பில்.

விரலை எடுத்துப் பார்த்தது, சிவப்பு. பொம்மையைப் பார்த்தது, மார்பு நடுவில் முழு ரேகை. அவர் ஓரடி முன்னால் வந்தார். அந்தப் பெண் பொம்மையைக் கீழே வைத்துவிட்டுச் செல்வியைத் தன் முதுகுப் பக்கம் நகர்த்திக்கொண்டது. அந்த ஒரு அசைவு போதும், அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. வாசல்படியில் நான் காய்க்கூடையோடு நின்றது நின்றபடி நிற்கிறேன்.

மண்ணெண்ணெய் நனைத்த துணியை எடுத்து நீட்டினார். "விரலைத் துடைச்சுக்க. அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவிடு, சாப்பிடற கை."

"கெடுத்துட்டேனே. அழிச்சுட்டு மறுபடி அடிங்க."

"இருக்கட்டும். காயட்டும்."

அந்தப் பெண் விரலைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தது. ஒவ்வொரு வெண்டைக்காயாகப் பார்க்குமே, அந்த மாதிரிப் பார்வை. அப்புறம் பொம்மை பக்கம் குனிந்தது.

"இந்தக் கோடெல்லாம் எதுல போட்டீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூடைக்குள் எதையோ தேடினேன்.

"என் மை டப்பா எங்கே?" என்றது.

வழித்து வைத்த டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் திறந்து பார்த்த பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. தோள் குலுங்கிற்று. அழுகிறதோ என்று பயந்து போய்ப் பார்த்தால், சிரிப்பு.

நாலு மணி நெருங்கிற்று. அவரே சட்டையை மாட்டிக்கொண்டார், பொத்தானெல்லாம் அதது இடத்தில் இருந்தது. பையை எடுத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஏற்றிவிட்டு வருகிறேன் என்றார்.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. "ஏன், இப்ப உங்களுக்கு என்ன அவசரம்?" என்றது. என் பக்கம் திரும்பி, "அக்கா, கூடையில கத்தரிக்கா இருக்கா?" என்று கேட்டது. நான் கூடையை இறக்கி வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பார்த்து முறத்தில் போட்டது. அவர் பையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். செல்விதான் அதை அவர் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டிற்று.

அப்புறம் அவர் ரொம்ப மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். டீயை அப்படியேதான் குடித்தார். கொய்யாக்காயைக் கடைசிவரைக்கும் பழுக்க விடவில்லை. விசில் விஷயத்தில் மட்டும் நிதானம் வந்தது, அந்த ரூட்டில் போன பொம்பளைகள் எல்லோரும் சொல்வார்கள்.

செல்வி ஹைஸ்கூல் போகிற வயசில் அவருக்கு வேறு ஊர் டிப்போவுக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்ற லாரி வந்து நின்றது. எல்லாவற்றையும் பின்னால் ஏற்றிவிட்டு, பொம்மையை மட்டும் அந்தப் பெண் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தது. நான் விடைகொடுக்கக் கிட்டப் போனேன். இத்தனை வருஷம் அலமாரி உயரத்தில் இருந்த பொம்மையை அன்றைக்குத்தான் மறுபடி பக்கத்தில் பார்த்தேன். கோணல் கேடயம், சுண்டுவிரல் இல்லாத கை. சிவப்பு மார்பில் அந்தக் கட்டைவிரல் தடம் அப்படியே இருந்தது. வெறும் தடமாக இல்லை. ரேகையின் ஒவ்வொரு பள்ளத்திலும், முடி கனத்துக்கு, கறுப்பாக மை ஓடியிருந்தது.

"இதை எப்பப் போட்டீங்க தம்பி?" என்றேன்.

அவர் லாரிக்கதவைச் சாத்துவதற்கு முன்னால், அந்தப் பெண்ணின் புடவை நுனி உள்ளே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"நல்லாக் காய்ஞ்சதுக்கு அப்புறம்தாங்க்கா" என்றார்.